பேயுமல்ல, பொய்யுமல்ல!

1602-ஆம் ஆண்டு, டிசம்பர்த் திங்கள் முதல் நாள். இலண்டன் மாநகரிலே ஒரு வழக்கு. குற்றவாளிக் கூண்டிலே நிற்பவள் எலிசபெத் ஜாக்சன் எனும் ஏழை மூதாட்டி. எதிர்ப்புறத்தே மேரி குளோவர் எனும் பதினான்கு வயதுச் சிறுமி. கடைக்காரர் ஒருவரின் மகள். மூதாட்டி சினந்து சபித்தாளாம். அன்று தொட்டுச் சிறுமிக்குத் தொண்டை அடைத்தது, பேச்சு நின்றது, கண் தெரியாமற் போயிற்று, உடல் வில்லென வளைந்தது. எரியும் தாளைக் கையிலே வைத்துச் சுட்டுப் பார்த்தனர். சிறுமி அசையவில்லை. வேறென்ன வேண்டும்? சூனியம்தான் என்று ஊர் தீர்ப்பளித்துவிட்டது. அதை எழுதிக் கொடுப்பதொன்றே நீதிமன்றத்துக்கு எஞ்சிய வேலை.

அந்த மன்றத்திலே ஒரு மருத்துவர் எழுந்து நின்றார். எட்வர்டு ஜார்டன் என்பது அவர் பெயர். "இது சூனியமன்று, நோய்" என்பது அவர் அளித்த சான்றின் சாரம். நீதிபதி ஆண்டர்சன் விடவில்லை. நோயென்றால் அதன் காரணத்தைக் கூறும், அதைத் தீர்க்கும் மருந்தைக் கூறும் என்று மடக்கினார். தீர்த்துவைப்பேன் என்று உறுதி கூற ஜார்டனால் இயலவில்லை. காரணமும் கூறமாட்டீர், மருந்தும் கூறமாட்டீர், எனவே இது இயற்கையானதன்று என்று முடிவு கட்டினார் நீதிபதி. மூதாட்டிக்கு ஓராண்டுச் சிறை. நான்கு முறை பொதுமக்கள் நடுவே தண்டனைக் கட்டையிலே பூட்டி நிறுத்தி அவமானம்.

தோற்ற மருத்துவர் ஓயவில்லை. அடுத்த ஆண்டிலேயே, 1603-இல், இந்நோய் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இத்தகைய வலிப்பும் வாயடைப்பும் இயற்கையாக எழுவன, மனக்கலக்கமும் அவற்றுக்குக் காரணமாகக் கூடும் என்று அதிலே எழுதினார். ஹிஸ்டீரியா என்று பிற்காலம் பெயரிட்ட நோயின் வரலாற்றிலே இது ஒரு திருப்பம். பூசாரியின் கையிலிருந்த நோயாளியை மருத்துவன் கேட்டு வாங்க முன்வந்த நாள் அது.

அந்த நீதிபதியின் வாதத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். 'உனக்குக் காரணம் தெரியவில்லை. ஆகவே பேய்தான் காரணம்.' இன்றும் இந்த வாதம் செத்துவிடவில்லை. உடையை மாற்றிக்கொண்டு நம் தெருக்களிலேயே உலவுகிறது. அறியாமையை ஆதாரமாக்கும் இந்தத் தந்திரத்தைப் பகுத்தறிவாளர் எளிதில் கண்டுகொள்வர். ஆனால், இந்நோயின் வரலாறு நமக்கும் ஒரு கேள்வியை வைத்திருக்கிறது. அது பின்னர்.

ஹிஸ்டீரியா என்ற சொல் கிரேக்க மொழியிலே கருப்பையைக் குறிக்கும் சொல்லினின்றும் பிறந்தது. பண்டைக் கிரேக்கர் கருப்பை தன் இடம் விட்டு நகரும் என்று நம்பினர். மேலே ஏறினால் மூச்சடைப்பு, நெஞ்சை அழுத்தினால் மயக்கம் என்று விளக்கம் கூறினர். பிளேட்டோவின் 'திமேயஸ்' எனும் நூல், பிள்ளைப்பேற்றுக்கு ஏங்கி உடலெங்கும் அலையும் விலங்கு போன்றது கருப்பை என்றே வருணிக்கிறது. மருத்துவம் என்ன? மூக்கருகே நாற்றப் பொருளைக் காட்டி அதை விரட்டுவது. கீழே நறும்புகை காட்டி அதை அழைப்பது. மணமாகாதவளாயின் மணமுடித்து வைப்பது!

நகைக்கத் தோன்றுகிறதன்றோ? நகையுங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பெண்ணின் துயரத்துக்கு அவள் வாழ்விலே காரணம் தேடவில்லை. அவள் கருப்பையிலே தேடினர். 'மணமுடித்தால் சரியாகும்' என்ற மருந்தை நம் வீட்டுப் பெரியவர் வாயிலும் கேட்டிருக்கிறோமே, அதற்கு வயது இரண்டாயிரத்துக்கும் மேல். கருப்பை விலங்கன்று, அது உடலெங்கும் திரிவதில்லை என்று எபேசுஸ் நகரத்துச் சொரேனஸ் கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலேயே மறுத்தார். மறுப்பு ஏட்டில் இருந்தது. நம்பிக்கை வீட்டில் இருந்தது.

பின்னர் பேயின் காலம் வந்தது. ஐரோப்பாவிலே அதன் உச்சக் காட்சிகளுள் ஒன்று பிரான்சு நாட்டு லூதன் எனும் ஊரிலே நடந்தது. 1632-இல் அங்கே ஒரு கன்னிமாடத்திலே கன்னியர்கள் அலறினர், புரண்டனர், வாயில் வராத சொற்களைப் பேசினர். மாடத்தின் தலைவி ஜான் என்பவளே முன்னணியில் இருந்தாள். எங்களுக்குள் பேயை ஏவியவர் ஊர்ப் பாதிரியார் உர்பான் கிராந்தியே என்று அவர்கள் குற்றம் சாட்டினர். கிராந்தியே அழகர், அறிஞர், வாய்த்துடுக்கு மிக்கவர். பாதிரிமாருக்கு மணவிலக்கு ஏன் என்று கேட்டு எழுதியவர். பகைவருக்குப் பஞ்சமா? பேயோட்டும் சடங்குகள் பொதுமக்கள் முன்னிலையிலே நடந்தன. வெளியூர்களிலிருந்தும் கூட்டம் வந்து வேடிக்கை பார்த்தது. 1634, ஆகஸ்டு 18-ஆம் நாள், கால்களை நொறுக்கும் சித்திரவதைக்குப் பின் கிராந்தியேயை உயிரோடு கொளுத்தினர்.

ஏவியவன் எரிந்து சாம்பலானான்; ஏவப்பட்ட பேய்கள் ஓடினவா? இல்லை! கன்னியரின் வலிப்பு ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. ஒரு மனிதனை எரித்து நடத்திய சோதனையின் முடிவு இது: காரணம் அவனல்லன். இளவயதிலேயே மதிலுக்குள் அடைக்கப்பட்டு, ஆசையைப் பாவமென்றும் அச்சத்தைப் பக்தியென்றும் பயின்ற உள்ளங்களிலே காரணம் இருக்கக்கூடும் என்று கேட்க அன்றைய மன்றத்தில் ஆளில்லை.

கேட்கும் காலம் மெல்ல வந்தது. 1682-இல் ஆங்கில மருத்துவர் தாமஸ் சிடன்ஹாம் இரண்டு உண்மைகளை எழுதினார். இந்நோய் ஏறத்தாழ எந்த நோயின் வேடத்தையும் பூண்டு வரும் என்பது ஒன்று. ஆடவரையும் அது விடுவதில்லை என்பது மற்றொன்று. கருப்பையே இல்லாதவனுக்குக் கருப்பை நோய் வருவதெப்படி? பழைய கொள்கையின் அடித்தளம் அன்றே ஆட்டங்கண்டது. ஆயினும் கட்டடம் இடிய இன்னும் இருநூறு ஆண்டுகள் வேண்டியிருந்தன.

பாரிஸ் மாநகரிலே சால்பெத்ரியேர் என்றொரு பெரிய மருத்துவமனை உண்டு. வெடியுப்புக் கிடங்காக இருந்த இடம். பதினேழாம் நூற்றாண்டிலே ஆதரவற்ற பெண்களையும் பித்தரையும் விலைமகளிரையும் அடைத்துவைக்கும் இல்லமாயிற்று. 1862-இல் அங்கே மருத்துவராக அமர்ந்தார் ழான் மார்த்தேன் ஷார்க்கோ. ஆயிரக்கணக்கான கைவிடப்பட்ட பெண்கள்; அவர்களைக் கூர்ந்து நோக்கும் ஒரு கண். நரம்பியலின் தந்தையருள் ஒருவராக உலகம் அவரை மதிக்கிறது. 1882-இல் நரம்பு நோய்களுக்கென்றே தனிப் பேராசிரியர் பதவி அவருக்காக ஏற்பட்டது.

ஷார்க்கோ ஆண்களின் ஹிஸ்டீரியாவைத் துணிந்து எடுத்துக்காட்டினார். 1885-இல் பாரிஸ் தெருவொன்றிலே ஓர் உழைப்பாளி வண்டியால் மோதப்பட்டு வீழ்ந்தான். கண்விழித்ததும் சக்கரங்கள் தன் கால்கள்மீது ஏறிச் சென்றன என்று உறுதியாக நம்பினான். உண்மையில் சக்கரம் அவன் கால்மீது ஏறவேயில்லை. ஆயினும் கால்கள் செயலிழந்தன. எலும்பு முறியவில்லை, நரம்பு அறவில்லை; அச்சத்தின் உச்சத்திலே உள்ளத்தில் ஊன்றிய ஓர் எண்ணமே கால்களைக் கட்டிவிட்டது என்று ஷார்க்கோ விளக்கினார். மயக்குத் துயிலிலே ஆழ்த்தி, 'உன் கை இயங்காது' என்று சொல்லால் சொல்லியே அதைப் போன்ற முடக்கத்தை உண்டாக்கியும், சொல்லாலேயே நீக்கியும் காட்டினார். எண்ணம் உடலை முடக்கும்! இது மருத்துவ வரலாற்றிலே பெரும் கண்டுபிடிப்பு.

அவரைச் சூழ்ந்திருந்த இளைஞர் கூட்டம் மத பீடத்தோடு நேருக்கு நேர் மோதியது. சீடர் பூர்னவீல், பேய் பிடித்தோர் பற்றிய பழஞ்சுவடிகளைத் தேடி எடுத்து ஒரு நூல் வரிசையாகவே அச்சிட்டார். லூதன் கன்னிமாடத் தலைவி ஜான் எழுதிவைத்த தன்வரலாறு 1886-இல் ஷார்க்கோவின் முன்னுரையோடு வெளிவந்தது. பேயின் சான்றாகக் கருதப்பட்ட ஏடு, நோயின் சான்றாக மாறிற்று. 1892-இல், இறப்பதற்கு முந்திய ஆண்டிலே, நம்பிக்கையால் நோய் தீர்வது பற்றியும் ஷார்க்கோ எழுதினார். புனிதத் தலங்களிலே முடவன் எழுந்து நடப்பது உண்டு என்று அவர் மறுக்காமல் ஒப்புக்கொண்டார். எண்ணத்தால் வந்த முடக்கம் எண்ணத்தால் நீங்குகிறது, அவ்வளவே. வெட்டுண்ட கை எந்தத் தலத்திலும் மீண்டும் முளைத்ததில்லையே!

தோழர்களே, மேடைகளிலே நாம் எடுத்தாளத்தக்க வாதம் இது. 'கோயிலுக்குச் சென்றாள், குணமானாள். தர்காவுக்குச் சென்றாள், குணமானாள். மாதாவை வேண்டினாள், குணமானாள்' என்று சொல்வோரை நாம் பொய்யர் என்று ஏசவேண்டியதில்லை. குணமாகியிருக்கலாம். ஒன்றுக்கொன்று முரணான மூன்று சமயங்களும் ஒரே வகை நோயைத் தீர்க்கின்றன என்றால், மருந்து எந்தத் தெய்வத்திடமும் இல்லை. நோயாளியிடமே இருக்கிறது என்பதன்றோ பொருள்?

ஆனால் ஷார்க்கோவைத் தெய்வமாக்கிவிட வேண்டா. அவருடைய செவ்வாய்க்கிழமைப் பாடங்களுக்கு மாணவரோடு எழுத்தாளரும் கலைஞரும் திரண்டனர். பிளான்ஷ் வித்மன் எனும் நோயாளி அவருடைய சீடர் ஒருவரின் கைத்தாங்கலிலே சாய்ந்து கிடக்கும் காட்சியை 1887-இல் ஓவியர் புரூயே பெரும் ஓவியமாகவே தீட்டினார். வலிப்பு இத்தனை கட்டங்களாக, இந்த வரிசையில்தான் வரும் என்று ஷார்க்கோ விதி வகுத்தார். விதிப்படியே வலிப்பும் வந்தது! எப்படி? நான்சி நகரத்துப் பேராசிரியர் பெர்னெய்ம் விடை கூறினார். மருத்துவர் எதிர்பார்ப்பதை நோயாளி உணர்ந்துகொள்கிறாள், எதிர்பார்ப்பே தூண்டுதலாகிவிடுகிறது. பேயோட்டுபவன் முன் பேய் வருவது போலவே, பேராசிரியர் முன் பேராசிரியர் கேட்ட நோய் வந்தது. ஷார்க்கோ மறைந்தபின் அவருடைய சீடரே கொள்கையைக் கைவிட்டனர்.

அவர்கள் எதைக் கேளாது விட்டனர் தெரியுமா? அகஸ்தீன் எனும் சிறுமியின் கதையைப் பாருங்கள். 1875-இல் மருத்துவமனைக்கு வந்தபோது அவளுக்குப் பதினைந்து வயது நிறையவில்லை. அவளுடைய வலிப்புக் கோலங்களைப் படம் பிடித்து, சால்பெத்ரியேர் வெளியிட்ட நிழற்படத் தொகுதியிலே பக்கம் பக்கமாக அச்சிட்டனர். அந்தத் தொகுதியிலேயே, தன் தாய் வேலை செய்த வீட்டு முதலாளி தன்னைப் பலவந்தம் செய்ததை வலிப்பினூடே அவள் கதறியதும் பதிவாகியிருக்கிறது. எழுதிக்கொண்டார்கள், அச்சிட்டார்கள், ஆனால் அந்தக் கதறலைச் சிகிச்சைக்குத் திறவுகோலாகக் கொள்ளவில்லை. 1880-இல் அவள் ஆண் உடை தரித்து மருத்துவமனையை விட்டுத் தப்பி ஓடினாள். எல்லார் கண்ணும் அவளைப் பார்த்தது. எவர் காதும் அவளைக் கேட்கவில்லை.

கேட்ட காது வியன்னா நகரிலே இருந்தது. அதே 1880-இல் அங்கே செல்வக் குடும்பத்து நங்கை ஒருத்தி நோயுற்ற தந்தைக்கு இரவு பகலாகப் பணிவிடை செய்துகொண்டிருந்தாள். வயது இருபத்தொன்று. கூரிய அறிவினள், ஆயினும் தம்பிக்குக் கிடைத்த பல்கலைக்கழகக் கல்வி பெண்ணாகப் பிறந்த அவளுக்கு இல்லை. வலக்கை மரத்தது, பார்வை கலங்கியது, தாய்மொழியாம் ஜெர்மன் மறந்து ஆங்கிலம் மட்டுமே வாயில் வந்த காலமும் உண்டு. மருத்துவர் யோசப் பிராயர் ஒரு புதுமை செய்தார். அவள் பேசினாள், அவர் கேட்டார். நீர் அருந்த முடியாமல் தவித்த நாள்களிலே, பிறரது குவளையில் நாய் நீர் குடித்ததைக் கண்டு அருவருத்தும் அடக்கிக்கொண்ட நிகழ்ச்சியை ஒருநாள் சொல்லித் தீர்த்தாள். உடனே நீர் கேட்டு வாங்கிக் குடித்தாள் என்று பிராயர் எழுதுகிறார். 'பேச்சு மருத்துவம்' என்று அதற்குப் பெயர் வைத்தவள் அவளேதான். 1895-இல் பிராயரும், பாரிசிலே ஷார்க்கோவிடம் பயின்று வந்த சிக்மண்ட் பிராய்டும் சேர்ந்து வெளியிட்ட ஹிஸ்டீரியா ஆய்வு நூலிலே 'அன்னா ஓ' என்ற மறைபெயரில் அவள் இடம்பெற்றாள். அடக்கப்பட்ட நினைவு உடலின் நோயாக உருமாறுகிறது என்ற கொள்கை அந்நூலிலே விரிந்தது.

இங்கும் உண்மையை மறைத்தல் ஆகாது. நூலிலே காட்டியதுபோல் அவள் உடனே முழுநலம் பெற்றுவிடவில்லை. 1882-இல் பிராயரின் சிகிச்சை முடிந்த கையோடு சுவிட்சர்லாந்து நாட்டு நலமனையொன்றிலே சேர்க்கப்பட்டாள். பின்னரும் சில ஆண்டுகள் நோயோடு போராடினாள். பிராய்டின் கொள்கைகள் பலவற்றையும் பிற்கால ஆய்வு ஏற்கவில்லை. ஆனால், நோயாளியை அமரவைத்து அவள் சொல்வதைக் கேள் என்ற அந்த ஒரு நடைமுறை நிலைத்தது.

அவளுடைய உண்மைப் பெயர் பெர்த்தா பாப்பன்ஹைம். பிந்திய வாழ்வைக் கேளுங்கள். பிராங்க்பர்ட் நகரிலே குடியேறினாள். அனாதைச் சிறுமியர் இல்லத்தை நடத்தினாள். பெண்ணுரிமைக்கு வாதாடிய மேரி உல்ஸ்டன்கிராப்டின் நூலை 1899-இல் ஜெர்மன் மொழியிலே ஆக்கினாள். 1904-இல் யூதப் பெண்கள் கூட்டமைப்பை நிறுவித் தலைமை தாங்கினாள். 1907-இல் கைவிடப்பட்ட பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஓர் இல்லம் கண்டாள். பெண்களை விலைபொருளாக்கும் வணிகத்தை எதிர்த்து இறுதிவரை போரிட்டாள். 1936-இல் மறைந்தாள். 1954-இல் மேற்கு ஜெர்மனி அவள் உருவம் பொறித்த அஞ்சல் தலை வெளியிட்டது. மேதைகளின் நூல்களிலே அவள் ஒரு நோய். வரலாற்றிலே அவள் ஒரு போராளி. பூட்டிவைத்த ஆற்றல் நோயாயிற்று, வேலை கிடைத்ததும் தொண்டாயிற்று என்று சொல்லத் தோன்றுகிறது. அத்தனை எளிய விடை ஒருவர் வாழ்வுக்குப் போதாது. ஆனால் 'நரம்புத் தளர்ச்சி உள்ள பெண், எதற்கும் உதவாள்' என்பாருக்கு இந்த வாழ்வு போதுமான மறுமொழி.

1914-இல் உலகப் போர் மூண்டது. பதுங்குகுழியிலே குண்டுமழைக்கு நடுவே கிடந்த வாலிபர்கள் ஊமையாயினர், குருடராயினர், நடுக்கம் நிற்காதவராயினர். காயமோ இல்லை. 1915-இல் மருத்துவர் மையர்ஸ் இதைக் 'குண்டதிர்ச்சி' எனும் பொருள்பட்ட பெயரால் ஏட்டிலே எழுதினார். பிரிட்டிஷ் படையில் மட்டும் ஏறத்தாழ 80,000 பேர் இப்படி நோயுற்றனர் என்பது கணக்கு. 'பெண்களின் நோய்' எனும் பேச்சு அத்தோடு செத்தது. கோழைகள், நடிகர்கள் என்று சீறினர் தளபதிகள். சிலருக்கு மின்சாரத்தைப் பாய்ச்சிப் பேசவைத்தனர். ஓடினான், கோழையானான் எனும் குற்றங்களுக்காகச் சுட்டுக் கொல்லப்பட்டோருள் உள்ளம் நொறுங்கியவரும் இருந்தனர். அவ்வாறு கொல்லப்பட்ட 306 பேருக்குப் பிரிட்டன் 2006-இல்தான் மன்னிப்பு வழங்கியது. கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையிலோ டாக்டர் ரிவர்ஸ் வேறு வழி கண்டார். நம் நீலகிரிக்கு வந்து தோடர்களோடு பழகி, 1906-இல் அவர்களைப் பற்றி நூல் எழுதினாரே, அதே ரிவர்ஸ்தான். கொடிய நினைவை மற என்று அதட்டாமல், அதைப் பேசவும் எண்ணிப்பார்த்துத் தாங்கவும் கற்பித்தார்.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். பேய் இல்லை என்பதை நாமறிவோம். அப்படியானால் ஆடுகிறவளும் அலறுகிறவளும் நடிக்கிறாளா? 'ஆம்' என்று சொல்லிவிட்டுப் போகும் இளைஞர் நம்மிடையே பலர். 'நாலு அறை விட்டால் எல்லாம் ஓடிவிடும்' என்பது பகுத்தறிவு என்று கருதுவோரும் உளர். பூசாரியும் வேப்பிலையால் அடிக்கிறான், நீயும் அடிக்கிறாய். வேறுபாடு எங்கே?

அறிவியலின் விடையைக் கேட்போம். 1908-இல் ஹூவர் எனும் அமெரிக்க மருத்துவர் எளிய சோதனையொன்று கண்டார. செயலிழந்த காலைக் கீழே அழுத்து என்றால் நோயாளியால் இயலவில்லை. ஆனால் நலமான காலை எதிர்ப்பை மீறி உயர்த்து என்றால், அவர் அறியாமலே செயலிழந்த கால் படுக்கையை அழுத்துகிறது. நரம்பு அறவில்லை என்பதை இது காட்டுகிறது. விரும்பி அழைக்கும்போது ஆற்றல் வரவில்லை, கவனம் விலகியபோது தானே வருகிறது. சிறு எண்ணிக்கையினரிடம் நடந்த மூளைப் படச் சோதனைகளோ, வேண்டுமென்றே முடவனாக நடிப்பவனுடைய மூளையும் இந்நோயாளியின் மூளையும் வேறு வேறு வகையில் இயங்குவதைக் காட்டுகின்றன. ஆகவே இது நடிப்பன்று. ஆள் ஏமாற்றவில்லை, ஆளின் உடலே ஆளை ஏமாற்றுகிறது.

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980-இல் தன் நோய்ப் பட்டியலிலிருந்து ஹிஸ்டீரியா எனும் பெயரையே நீக்கியது. 2013-இல் வந்த பட்டியல் இதை நரம்பியக்கக் கோளாறாகக் குறிக்கிறது. பெண்ணை இழிவு செய்த பெயர் போயிற்று, நோய் போகவில்லை. உள்ளத்தின் காயம் பலருக்குக் காரணம்; எல்லாருக்கும் அன்று. உண்மையான வலிப்பு நோயையும் மூளைக் கட்டியையும் இதுவென்று தவறாகக் கொள்வதும் உண்டு. 1950-களிலே இத்தகைய தவறு மிகுதி. 1970-க்குப் பின் 4 விழுக்காடு அளவுக்குக் குறைந்திருப்பதை 2005-இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு காட்டிற்று. எனவே 'மனசுதான் காரணம்' என்று தெருவிலே நின்று நாம் தீர்ப்பளிப்பதும் ஆகாது. மருத்துவர் சோதிக்கவேண்டும், இயன்முறைப் பயிற்சியும் உளவழிச் சிகிச்சையும் பலருக்குப் பயன் தருகின்றன.

வரலாறு ஆசிரியன் என்ற முறையிலே மாணவருக்கு நான் சொல்வது இதுதான். மேரி குளோவருக்கு நோய் என்று ஒப்பியிருந்தால் ஒரு மூதாட்டி சிறைக்குச் சென்றிராள். லூதன் கன்னியருக்கு நோய் என்று ஒப்பியிருந்தால் ஒரு மனிதன் எரிந்திரான். அதே வேளையில், நோய் என்று ஒப்பிய பின்னரும் அகஸ்தீனின் குரலைக் கேளாததால், அவள் சுவரேறித் தப்புவது போலத் தப்பவேண்டியிருந்தது. பேயை விரட்டுவது பகுத்தறிவின் முதற்படி. பேய் போன இடத்திலே நிற்கும் மனிதரைப் பார்ப்பது இரண்டாம் படி.

நாளை உங்கள் தெருவிலே ஒரு பெண் மயங்கி விழுந்தால், உடுக்கை அடிப்பவனைத் தடுங்கள்; கைகொட்டிச் சிரிப்பவனையும் தடுங்கள். முதலில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். நினைவு தெளிந்தபின், கூட்டத்தை விலக்கி, அவளுக்கு நம்பிக்கையான ஒருத்தியை அருகே அமர்த்துங்கள். அவள் சொல்ல விரும்புவது ஏதேனும் இருக்கும். அதை அந்த வீட்டில் இதுவரை எவரும் கேட்டிருக்கமாட்டார்கள்.